எமது இரத்தத்தை நாமே ஆராயக் கூடாதா?

மாரி வெள்ளம் வயல்களை விட்டு வடியுமுன்னரே, 2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வடமராட்சி மண்ணில் ஒரு காய்ச்சல் பரவிற்று. பருத்தித்துறை, கரவெட்டிப் பகுதிகளிலிருந்து மூச்சுத் திணறலுடன் நோயாளர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். சில நாட்களுள் ஏழு உயிர்கள் போயின. இன்ன நோய்தான் என்று திட்டமாக உரைப்பதற்காக நோயாளரின் இரத்தம் சிறு குழாய்களில் அடைக்கப்பட்டு, ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குச் சென்றது. எலிக்காய்ச்சல் என்பது உறுதியாயிற்று.

அந்நாட்களில் இரவு பகல் பாராது உழைத்த வைத்தியர்களையோ, வயலில் இறங்குவோருக்குத் தடுப்பு மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்த சுகாதார ஊழியர்களையோ நாம் குறை கூற வரவில்லை. அவர்கள் தம் கடமையைச் செய்தனர். நாம் கேட்பது வேறு. மருத்துவ பீடம் ஒன்றையும் போதனா வைத்தியசாலை ஒன்றையும் தன்னகத்தே கொண்ட ஒரு மக்கட் கூட்டம், தன் பிள்ளையின் இரத்தத்திலே கிடக்கும் கிருமியின் பெயரை அறிவதற்குத் தலைநகரின் முகத்தை ஏன் பார்த்து நிற்க வேண்டும்?

இக்கேள்வி வடமராட்சிக்கு மட்டும் உரியதன்று. சண்டிலிப்பாய்க் கமக்காரரை எடுத்துக்கொள்வோம். வழுக்கையாற்றின் வெள்ளம் பாயும் வயலிலே முழங்காலளவு சேற்றில் நின்று உழைப்பவர் அவர். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலிலுள்ள சிறு கீறலினூடே உட்புகுந்தாற் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்துவிடும். அதே மாரியில் நுளம்பு பெருகி டெங்குக் காய்ச்சலும் வரும். பற்றை உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலும் எமது பகுதியில் உண்டு என்பதை 2014 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஆய்வாளர்களே எடுத்துக்காட்டினர். முதல் மூன்று நாளும் எல்லாம் ஒரே முகம்: தலையிடி, உடல் உளைவு, கொதிக்கும் காய்ச்சல். கல்வளைப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு, பனடோலை விழுங்கிவிட்டு, மறுநாளும் வயலுக்குப் போகிறார் மனிதர். ஐந்தாம் நாள் சிறுநீர் குறைகிறது. சுவாசப்பையில் இரத்தம் கசிகிறது. அதன் பின்னர் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டோடினாலும் பாதி வழக்குத் தோற்றாயிற்று.

ஒன்று பலவாகும் வித்தை

நோய்க் கிருமியைக் கண்டறிய இதுவரை இரண்டு வழிகள் கையாளப்பட்டன. கிருமியை வளர்த்துப் பார்ப்பது ஒன்று. எலிக்காய்ச்சற் கிருமி வளர வாரக்கணக்காகும். நோயாளி அதுவரை காத்திரார். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுவது மற்றொன்று. அது இரத்தத்திற் போதியளவு தோன்ற ஐந்து முதல் ஏழு நாளாகும். உறுதி சொல்ல இரண்டாம் முறையும் இரத்தம் எடுக்க வேண்டும். இவை நோய் கடந்த பின் கணக்கெழுத உதவுவன. நோயின் வாசலிலே நின்று வழி காட்டுவன அல்ல.

மூன்றாவது வழியை 1983 இல் அமெரிக்கரான கரி முல்லிஸ் கண்டார். 1993 இல் இரசாயனத்துக்கான நோபெற் பரிசு அதற்குக் கிடைத்தது. கிருமியின் பரம்பரையலகிலே ஒரு சிறு துண்டைப் பிடித்து, சூடாக்கியும் குளிர்த்தியும், ஒரு நொதியத்தின் துணையால் இரட்டிப்பாக்குவதே அம்முறை. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், முப்பது சுற்று முடியும்போது ஒரு துண்டு நூற்றேழு கோடிக்கு மேலாகும். விதைநெல்லைப் பெருக்கும் கமக்காரனுக்கு இக்கணக்கு விளங்காததன்று. அவனுக்கு ஒரு போகம் எடுக்கும் பெருக்கம் இங்கே இரண்டொரு மணி நேரத்தில் நடைபெறுகிறது. காய்ச்சலின் முதல் வாரத்திலே, பிறபொருளெதிரி தோன்றுமுன்னரே, இரத்தத்தில் ஒளிந்திருக்கும் கிருமியை இது காட்டிக்கொடுக்கும். பீ.சீ.ஆர். என்று கொரோனாக் காலத்தில் சிறு பிள்ளையும் சொல்லப் பழகிய சொல் இதுவே. இம்முறையையும் இதன் கிளைகளையும் நோயாளியின் படுக்கையருகே கொண்டுவரும் கல்விக்கு மருத்துவ மூலக்கூற்று நோயறிதல் என்று பெயர்.

இதன் ஆட்சி காய்ச்சலோடு நின்றுவிடவில்லை. சளியிலே காசநோய்க் கிருமி உண்டா, அது முக்கிய மருந்தான றிபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டு மணி நேரத்திற் சொல்லும் கருவியை 2010 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒருவகை இரத்தப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் இமற்றினிப் மாத்திரை 2001 முதல் பாவனையிலுண்டு. ஆனால் நோயாளியின் கலங்களில் இரு பரம்பரையலகுகள் இடம்மாறி ஒட்டியிருப்பதைக் கண்ட பின்னரே அதைக் கொடுப்பர், கொடுத்த பின்னரும் மூன்று மாதத்துக்கொரு தடவை அளந்து பார்ப்பர். தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011 இல் கால்நடையாக நடந்து பணம் திரட்டித் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பத் துணை நின்றார்கள் நல்லோர். கட்டிடம் எழுந்தது நன்று. அக்கட்டிடத்துள் நோயின் வேரைப் படிக்கும் கண்களும் வேண்டாவா?

நான்கே ஆண்டுகளில் மறந்தோமா?

"இதெல்லாம் பெரிய நாடுகளின் காரியம், எமக்கு எட்டுமா?" என்று வினவுவோர் 2020 ஆம் ஆண்டை நினைவுகூர்க. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே குடாநாட்டில் முதற் கொரோனா நோயாளி காணப்பட்டார். ஏப்ரல் மாதத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக் கழக மருத்துவ பீடத்து ஆய்வுகூடத்தில் பீ.சீ.ஆர். பரிசோதனை தொடங்கிற்று, பின்னர் போதனா வைத்தியசாலையும் அப்பணியில் இறங்கிற்று. செய்தவர்கள் யார்? எமது பிள்ளைகள். ஊரடங்குச் சட்டத்தின் நடுவே, முகமும் உடலும் மூடிய அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு, வடக்கு மக்களின் மாதிரிகளை அவர்களே சோதித்தார்கள்.

நெருக்கடி வந்தபோது இயன்றது, நெருக்கடி நீங்கியபின் ஏன் இயலாது போக வேண்டும்? நான்கு ஆண்டுகள் கழிந்து புதிய காய்ச்சல் ஒன்று வந்தவுடன் உறுதிப்பாட்டுக்காக மீண்டும் தெற்கை நோக்கினோம். காரணம் வெளிப்படையானது. ஒரு நோய்க்கென்று அவசரத்தில் மூட்டிய அடுப்பு அந்த நோயோடு தணியும். அடுப்பு அணையாதிருக்க வேண்டுமாயின் அதை நாளும் மூட்டத் தெரிந்தவர் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு வழி பட்டப்பின் கல்வி ஒன்றே.

மானிப்பாய் கூறும் சரித்திரம்

சண்டிலிப்பாயிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள மானிப்பாயிலே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை நிற்கிறது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே எமது இளைஞரைக் கூட்டிவைத்து மேலை வைத்தியத்தைப் போதிக்கத் தொடங்கினார். கொழும்பிலே மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது 1870 இல். தலைநகர் விழிக்குமுன் இருபத்திரண்டு ஆண்டுகள் மானிப்பாய் விழித்திருந்தது!

அம்மட்டோ? 1864 முதல் அவர் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். இரண வைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதம் 1872 இலும், கெமிஸ்தம் 1875 இலும் தமிழ் நூல்களாக வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர் அவரிடம் பயின்று வெளியேறினர். கடல் கடந்து வந்த ஓர் அந்நியர், மின்சாரமும் இல்லாத ஒரு காலத்தில், இம்மண்ணிலே உயர்கல்வி இயலும் என்று கண்டார். அதே மண்ணிற் பிறந்த நாம், பல்கலைக் கழகத்தையும் கையில் வைத்துக்கொண்டு, "இங்கே முடியுமா?" என்று ஐயுறுகிறோம். இதனினும் வெட்கக்கேடு வேறுண்டோ!

இடையிலே எம்மை மறித்தவர்கள் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. 1971 இல் மருத்துவ பீடத்தில் நுழையத் தமிழ்மொழி மாணவன் 400 க்கு 250 புள்ளி பெற வேண்டுமென்றும், சிங்களமொழி மாணவனுக்கு 229 போதுமென்றும் தரப்படுத்தினார்கள். அந்த அநீதி மூட்டிய நெருப்பை இந்நாடு முப்பது ஆண்டு அணைக்க முடியவில்லை. 1974 இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக் கழக வளாகமும் 1978 இல் மருத்துவ பீடமும் தோன்றின. 1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோதும் அந்தப் பீடம் மடியவில்லை. குண்டு மழையில் மடியாதது அலட்சியத்தில் வாடலாமா?

இன்றைய மறிப்புப் புள்ளியால் வருவதன்று, தூரத்தால் வருவது. வைத்தியர்களின் பட்டப்பின் கல்வி நிறுவகம் கொழும்பில். மனித மரபியற் பிரிவு 1983 இல் அமைந்ததும் கொழும்பில். மூலக்கூற்று உயிரியலுக்கும் உயிர்த்தொழினுட்பத்துக்குமான நிறுவகம் 2003 இல் எழுந்ததும் கொழும்பில். விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவகம் பேராதனையில். அவை இருத்தல் நன்று, மேலும் வளர்க. ஆனால் நாட்டின் பொதுச் செல்வம் ஒரே வாய்க்காலில் ஓடினால், வாய்க்காலின் கடைக்கோடியிலுள்ள வயலுக்கு எஞ்சுவது என்ன என்பதைக் கமக்காரரைக் கேட்டால் சொல்வார்.

மறுப்போருக்கு மறுமொழி

"கொழும்பிலே உண்டே, இரண்டாவது எதற்கு?" என்பர் சிலர். வட மாகாணத்தில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். கொழும்பின் நோயும் எமது நோயும் ஒன்றல்ல. நீரும் நிலமும் தொழிலும் வேறு. வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமி மெலியோயிடோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. இலங்கையில் அது முதன்முதற் பதிவானது 1927 இல். சேற்றிலே உழைப்போரை, சிறப்பாக நீரிழிவுள்ளோரை, அது தாக்கும். வழக்கமாகக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றுக்கு அது அடங்காது. ஆய்வுகூடத்திலே வளர்ந்தாலும், பழகாத கண் அதை வெறும் அழுக்கென்று கழித்துவிடும். தன் மண்ணின் கிருமியைத் தன் மண்ணிலே நின்று தேடுபவனே கண்டுபிடிப்பான்.

"சந்தேகம் எழுந்தவுடன் வைத்தியர் மருந்தைத் தொடங்கிவிடுகிறாரே, பிறகு பரிசோதனை எதற்கு?" என்பர் வேறு சிலர். வைத்தியர் செய்வது சரியே; எலிக்காய்ச்சல் என்று ஐயுற்றால் விடைக்காகக் காத்திருத்தல் ஆகாது. ஆனால் டெங்குவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது. அங்கே உடலின் நீரளவைக் காப்பதே வைத்தியம். மெலியோயிடோசிசுக்கோ வேறு மருந்து, அதுவும் மாதக்கணக்காக வேண்டும். ஊகம் முதல் மாத்திரையைக் கொடுக்கலாம். முழு வைத்தியத்தையும் ஊகத்தின் தலையில் ஏற்ற முடியாது. அன்றியும், எந்த ஊரில் எந்த நோய் என்று அறிந்த பின்னரன்றோ எந்த ஊருக்கு எந்தத் தடுப்பு என்று தீர்மானிக்கலாம்? ஒருவரின் இரத்தத்திலே கண்ட விடை ஊருக்கெல்லாம் காவல்.

"இயந்திரம் ஒன்றை வாங்கித் தருகிறோம், அது போதாதா?" என்று கேட்கின்றனர் கடல்கடந்து வாழும் எம்மவர். அவர்தம் அன்புக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். இயந்திரம் நோயின் பெயரைச் சொல்லாது. ஓர் எண்ணையும் ஒரு வளைகோட்டையும் காட்டும். மெய்யையும் பொய்யையும் பிரிப்பது மனிதன். கோடிக்கணக்கிற் பெருக்கும் இம்முறையிலே முந்திய பரிசோதனையின் ஒரு துளி காற்றோடு கலந்தாலும், நோயில்லாதவனுக்கு நோயென்று விடை வரும். எப்பரின் கலந்த குழாயில் இரத்தத்தை எடுத்தால், நோயுள்ளவனுக்கு நோயில்லையென்று வரக்கூடும். ஆகவே கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரி திறக்க ஓர் அறை, பெருக்கத்துக்கு ஓர் அறை என வகுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நோயுள்ள மாதிரியையும் இல்லாத மாதிரியையும் சாட்சிக்கு வைக்க வேண்டும். நொதியங்கள் உறைகுளிரில் இருக்க வேண்டும். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்டிலே அதற்கும் முன்கூட்டியே வழி செய்திருக்க வேண்டும். இவை பெயர்ப்பலகை திறந்து படம் பிடிப்பதால் வருவன அல்ல, பயின்று வருவன. ஓட்டத் தெரியாதவன் வீட்டு முற்றத்தில் நிற்கும் உழவு இயந்திரம் கோழி படுக்கத்தான் உதவும்.

"படித்தவர் வெளிநாட்டுக்கு ஓடிவிடுவர்" என்பது நான்காவது வாதம். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவின் பின் வைத்தியர்கள் பெருந்தொகையாக நாட்டை விட்டகன்றது உண்மை. ஆனால் படித்ததற்கேற்ற பதவியில்லாத இடத்தில் படித்தவன் எங்ஙனம் தங்குவான்? ஆய்வுகூடமும் பதவியும் ஆராய்ச்சியும் இங்கே இருந்தால் ஒரு பகுதியினர் நிச்சயம் தங்குவர்; தங்குவோர் அடுத்தவரைப் பயிற்றுவர். வெளியேறுவாரோ என்று அஞ்சிக் கற்பிக்காதிருத்தல், குருவி கொத்துமென்று அஞ்சி விதைக்காதிருத்தலை ஒக்கும்.

எம்மவர் குற்றம்

அரசாங்கத்தை மட்டும் சாடிவிட்டு நாம் கைகழுவிக் கொள்ள முடியாது. எமது வீடுகளிலே மகன் டாக்டர் அல்லது என்ஜினியர். இவ்விரண்டும் தப்பினால் அவன் தோற்றவன். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகம் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தில் பட்டதாரிகளை உருவாக்குகிறது. அவர்களை எமது சமூகம் எப்படி அழைக்கிறது? "இரத்தம் எடுக்கிற பெடியன்" என்று. வைத்தியர் எழுதும் தீர்ப்புக்கு ஆதாரமான சாட்சியத்தைக் கண்டெடுப்பவனை இவ்வண்ணம் மதிக்கும் சமூகத்தில் அறிவு எங்கே வேரூன்றும்? மணப்பந்தலில் விலைபேசும் பட்டத்தையே பட்டமென்று கருதும் வரையில் பிறர் எம்மைத் தரப்படுத்த வேண்டியதில்லை. எம்மை நாமே தரப்படுத்திக் கொள்கிறோம்.

எமது பிரதிநிதிகளின் குற்றம் இதனினும் பெரிது. பதின்மூன்றாவது திருத்தம் 1987 இல் சுகாதாரத்தை மாகாணத்தின் கையில் ஒப்படைத்தது; ஆயினும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ்; பல்கலைக் கழகம் மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ். மூன்று வீட்டுக்கு நடுவில் நிற்கும் பசுவுக்கு எவரும் வைக்கோல் போடார். மூவரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசவைக்க வேண்டியவர்கள் மேடையிலே முழங்குவதோடு அமைந்துவிடுகின்றனர். உரிமை என்பது கொடியிலும் கோஷத்திலும் மட்டும் இல்லை. எமது நோயை நாமே அறிந்து நாமே தீர்க்கும் ஆற்றலும் சுயாட்சியின் ஒரு கூறே.

நாம் வேண்டுவன

முதலாவது, யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்திலே மருத்துவ மூலக்கூற்று நோயறிதலில் முழுமையான ஈராண்டு முதுமாணிக் கற்கைநெறி நிலைபெற வேண்டும். வைத்தியர், ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டதாரி, உயிரியற் பட்டதாரி, விவசாயப் பட்டதாரி அனைவருக்கும் அதன் கதவு திறந்திருத்தல் வேண்டும். மிளகாயின் இலைச்சுருட்டலையும் வாழையின் உச்சிக்கொத்து நோயையும் காட்டுவது இதே வித்தைதான். கமக்காரனின் உடலைக் காக்கும் கல்வி அவன் பயிரையும் காக்கட்டும்.

இரண்டாவது, அக்கல்வி புத்தகத்தோடு நிற்றல் ஆகாது. மாணவர் ஓராண்டேனும் போதனா வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் நோயாளரின் மாதிரிகளோடு பழக வேண்டும். தேறியவர்க்கு அரசாங்கம் நிரந்தரப் பதவிகளை வகுக்க வேண்டும். இரசாயனப் பொருட்களுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். தானம் செய்ய விரும்பும் புலம்பெயர்ந்த அன்பர்கள் இயந்திரத்துக்கு மாறாக ஒரு மாணவனின் இரண்டு வருடப் படிப்புச் செலவை ஏற்பாராக.

மூன்றாவது, சண்டிலிப்பாய் சுகாதாரப் பணிமனை போன்ற ஒவ்வொன்றிலிருந்தும் காலையில் எடுத்த மாதிரி நண்பகலுக்குள் யாழ்ப்பாணம் சேர்ந்து, மாலைக்குள் விடை திரும்ப வேண்டும். மாரி தொடங்குமுன் இதற்கான ஏற்பாடு நிறைவேற வேண்டும். மரணம் தொடங்கிய பின்னரன்று.

நான்காவது, விடை தமிழில் எழுதப்பட வேண்டும். பரம்பரை நோயொன்று தன் பிள்ளைக்கு உண்டென்று அறியும் தாய், அதன் பொருளைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ள உரிமையுடையவள். கிறீனும் அவர் மாணாக்கரும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இரசாயனத்துக்குத் தமிழ் கண்டார்கள். மூலக்கூற்றுக்குத் தமிழ் காண்பது எமது கடன்.

இவற்றுள் எதுவும் ஆகாயத்துக் கோட்டை அன்று. ஆளுண்டு, பீடமுண்டு, 2020 இல் செய்து காட்டிய அநுபவமுண்டு. இல்லாதது ஒன்றே: செய்தே தீரவேண்டுமென்ற பொதுமக்களின் பிடிவாதம். சண்டிலிப்பாயிலும் மானிப்பாயிலும் வட்டுக்கோட்டையிலுமுள்ள கமக்காரர் சங்கங்கள் இதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றித் தம் பாராளுமன்ற உறுப்பினரிடம் நேரிற் கையளிக்கட்டும். உத்தியோகத்தரும் ஆசிரியரும் வைத்தியரும் அதிற் கையொப்பமிடட்டும். வாக்குக் கேட்டு வருபவரிடம் முதற் கேள்வியாக இதையே கேட்போமாக: "அடுத்த மாரியில் எங்கள் இரத்தம் எங்கே போகும்?"

யாழ்ப்பாணத்துக்கு என்று மறுமொழி வரும் வரையில் கேட்டுக்கொண்டேயிருப்போம்.